டல்லாஸ்ல இருந்து ஸ்டுட்கார்ட் போறீங்களா, அமெரிக்காவ மறந்துட்டு மெட்ராஸ ஞாபகம் வச்சுக்கோங்க

எங்க அக்கா ஃபேமிலி பதினாலு வருஷம் டல்லாஸ் பக்கம் இருந்துட்டு, மாமாவுக்கு வேலை மாறினதுல போன வருஷம் ஜெர்மனில ஸ்டுட்கார்ட்டுக்கு குடி போய்ட்டாங்க. நாலு பேரும் அமெரிக்கன் பாஸ்போர்ட், பசங்க ரெண்டும் அங்கயே பொறந்ததுங்க, பெரியவனுக்கு பதினொண்ணு, சின்னவளுக்கு ஆறு. டல்லாஸ் வீட்ட காலி பண்ணிட்டு நேரா போகாம நடுவுல மூணு வாரம் நங்கநல்லூர்ல நம்ம வீட்ல இருந்துட்டு தான் போனாங்க. நான் அதே ஸ்டுட்கார்ட்ல ஆறு வருஷம் குப்பை கொட்டிட்டு வந்தவன் (நெஜமாவே குப்பை தான், கீழ வரும் பாருங்க), அதனால அந்த மூணு வாரமும் எனக்கு டியூஷன் வாத்தியார் வேலை. போனதுக்கப்புறமும் ராத்திரி பத்து மணிக்கு மேல போன் வந்தா அக்கா தான், "டேய் இந்த லெட்டர் என்னன்னு பாரு"ன்னு. எல்லாத்தையும் ஒரு எடத்துல எழுதி வச்சுட்டா அடுத்து போறவங்களுக்கு ஆகுமேன்னு தான் இது.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா மத்தது எல்லாம் இதுல இருந்து தான் வருது. அமெரிக்கால இருந்து போற நம்மாளுங்க ஜெர்மனிய இன்னொரு அமெரிக்கான்னு நெனச்சுட்டு போறாங்க, அங்க தான் அடி வாங்குறாங்க. கிலோ, லிட்டர், செல்சியஸ், 230 வோல்ட், கொடில துணி காயப்போடுறது, கடைக்கு பை எடுத்துட்டு போறது, வாசல்ல செருப்ப விட்டுட்டு உள்ள போறது, மாடிப்படில எதிர்ல வர்றவங்க மேலயும் கீழயும் பாக்குறது, இதெல்லாம் டெக்சாஸ்ல கெடையாது, நங்கநல்லூர்ல இருக்கு. கிரவுண்ட் ஃப்ளோருக்கு மேல இருக்கறது தான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர், அதுவும் நம்ம ஊர் மாதிரியே. பசங்க லிஃப்ட்ல ஒரு மாசம் தப்பான மாடில இறங்கிச்சுங்க, எங்கம்மா போனா ஒரு தடவ கூட தப்பா இறங்க மாட்டாங்க. ஆனா மூணு விஷயத்துல மெட்ராஸும் உதவாது: பேப்பர், அப்பாயின்ட்மென்ட், சத்தம் போடாம இருக்கறது.

பேப்பர்ல இருந்தே ஆரம்பிப்போம். வீட்டுக்கு குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள சிட்டி ஆபிஸ்ல போய் இன்ன அட்ரஸ்ல இருக்கோம்னு பதிவு பண்ணணும், அதுக்கு பேரு ஆன்மெல்டுங். இது இல்லன்னா டாக்ஸ் நம்பர் வராது, பேங்க்லயும் மத்த எடத்துலயும் இழுத்தடிப்பாங்க. இதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட ஒரு பேப்பர் வேணும், ரென்டல் அக்ரிமென்ட் மட்டும் காட்டினா பத்தாது, வீட்ட பேசும்போதே ஓனர்கிட்ட அதையும் கேட்டு வாங்கிடுங்க. மேரேஜ் சர்டிபிகேட், பசங்க பர்த் சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல் கைல இருக்கணும், கப்பல்ல வர்ற சாமானோட போட்டுடாதீங்க. அமெரிக்கன் பாஸ்போர்ட்காரங்க விசா இல்லாமலே போய் இறங்கி 90 நாளுக்குள்ள அங்கயே ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணலாம், ஆனா பெர்மிட் வர்ற வரைக்கும் வேலை பாக்கக்கூடாது. நம்ம இந்தியன் பாஸ்போர்ட்னா இங்கயே விசா குத்திட்டு தான் ஏறணும், அது தெரிஞ்ச கதை.

அந்த பதிவு ஃபார்ம்ல மதம் என்னன்னு ஒரு கட்டம் இருக்கும், யாரும் இத பெருசா சொல்றதில்ல. கத்தோலிக்கம்னோ ப்ராடஸ்டன்ட்னோ போட்டீங்கன்னா சர்ச் டாக்ஸ்னு சம்பளத்துல புடிப்பாங்க, நீங்க கட்டுற இன்கம் டாக்ஸ்ல ஸ்டுட்கார்ட் இருக்கற மாநிலத்துலயும் பவேரியாலயும் 8 சதவீதம், மத்த எடத்துல 9. சாந்தோம்ல இருந்து போன என் ஃப்ரெண்டு ஒருத்தன் மொதல் சம்பள சீட்ட பாத்துட்டு தான் இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுகிட்டான். கட்டுறதும் கட்டாததும் அவங்கவங்க இஷ்டம், ஆனா தெரிஞ்சு பண்ணுங்க. அப்புறம் பதிவு பண்ணின கொஞ்ச நாள்ல டிவி ரேடியோ கட்டணம்னு ஒரு லெட்டர் வரும், வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. எங்க வீட்ல டிவியே இல்லன்னு சொன்னாலும் கட்டணும். மாமா இத ஸ்கேம்னு நெனச்சு கிழிச்சு போட்டுட்டாரு, அமெரிக்கால அந்த மாதிரி லெட்டர் வந்தா ஸ்கேம் தானே. ரிமைண்டர் வந்தப்ப தான் எனக்கு போட்டோ அனுப்பினாங்க.

லெட்டர்ன்னதும் ஞாபகம் வருது, இது தமிழ் ஆளுங்களுக்குன்னே இருக்கற பிரச்சனை. அங்க வீட்டுக்கு ஃப்ளாட் நம்பர் கெடையாது, தபால்காரர் பெட்டில இருக்கற குடும்ப பேர பாத்து தான் போடுவாரு. நம்ம வீட்ல குடும்ப பேருன்னு ஒண்ணு எங்க இருக்கு? மாமாவோட கடைசி பேரு அவரு அப்பா பேரு, பசங்களோட கடைசி பேரு மாமா பேரு, அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாஸ்போர்ட்ல எங்கப்பா பேர் இருந்ததால அமெரிக்கன் பாஸ்போர்ட்லயும் அதுவே வந்துடுச்சு. ஆக ஒரு வீட்ல மூணு குடும்ப பேரு. பெட்டில மாமா பேர் மட்டும் ஒட்டினா அக்காவுக்கும் பசங்களுக்கும் வர்ற லெட்டர் எல்லாம் ஆள் இல்லன்னு திரும்பி போய்டும். எனக்கு அப்படித்தான் என் வொய்ஃப்போட டாக்ஸ் நம்பர் லெட்டர் திரும்பி போச்சு, தப்பு என்னோடது தான். அதனால குடி போன அன்னிக்கே மூணு பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி செல்லோ டேப் போட்டு பெட்டிலயும் காலிங் பெல்லுலயும் ஒட்டிடுங்க, ஓனர் நல்ல ப்ளேட் போடுற வரைக்கும் அது இருக்கட்டும். அந்த ப்ளேட்டு நம்ம சுண்டு விரல் சைஸ்ல தான் இருக்கும், நம்ம பேர் நீளத்துக்கு மூணு பேரும் உள்ள போகறதுக்கு ஃபான்ட்ட கொறைக்க வேண்டியது தான்.

வீடு தேடும்போது கணக்கு மாறும். 3 ரூம் வீடுன்னா ஹாலயும் சேத்து மூணு, அதாவது நம்ம கணக்குல டூ பெட்ரூம். கிச்சன், பாத்ரூம் கணக்குல வராது. வாடகைய ரெண்டா சொல்லுவாங்க, கால்ட்மீட்டேன்னா வெறும் வாடகை, வார்ம்மீட்டேன்னா ஹீட்டிங், தண்ணி, குப்பை எல்லாம் சேத்து, கரன்ட்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் தனி. அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச வெறும் வாடகை தான், சட்டமே அப்படித்தான், அதையும் மூணு தவணையா கட்டலாம். இத கேட்டதும் அக்கா "மெட்ராஸ்ல பத்து மாசம் கேப்பாங்களேடா"ன்னு சந்தோஷப்பட்டுச்சு, வீட்ட போய் பாத்ததும் அந்த சந்தோஷம் போய்டுச்சு, ஏன்னா கிச்சன்ல கிச்சன் இல்ல. பொய் சொல்லல, நாலு சுவரு, ஒரு தண்ணி பைப்பு, ஒரு பெரிய கரன்ட் பாயின்ட், அவ்ளோ தான். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் பழைய குடித்தனக்காரங்க கழட்டிட்டு போய்டுவாங்க. கூரைல லைட் இருக்க வேண்டிய எடத்துல ஒயர் தொங்கும். ரூம்ல அலமாரியும் இருக்காது. அதனால வீட்ட பாக்கும்போதே கிச்சன் இருக்கான்னு கேளுங்க, போறவங்க விக்கிறாங்கன்னா பழசா இருந்தாலும் வாங்கிடுங்க, புதுசா ஆர்டர் பண்ணினா வர்றதுக்கு வாரக்கணக்குல ஆகும், அது வரைக்கும் ஒத்த இண்டக்ஷன் ஸ்டவ்வுல பாச்சலர் ரூம் மாதிரி சமையல் தான். அக்கா அஞ்சு வாரம் பாத்திரத்த பாத்ரூம்ல கழுவிச்சு.

மிக்ஸி மேட்டருக்கு வர்றேன், இதுல தான் மெட்ராஸ் ஜெயிக்கும். அமெரிக்காவுல கரன்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், ஜெர்மனில நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டல்லாஸ்ல ஆசையா வாங்கின மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், ரைஸ் குக்கர் எதையும் அங்க எடுத்துட்டு போகாதீங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டா ஓடும்னு யாராவது சொல்லுவாங்க, மிக்ஸிக்கு தாங்குற ட்ரான்ஸ்ஃபார்மர் அம்மிக்கல்லு வெயிட் இருக்கும், அதோட கிரைண்டர் மோட்டாரும் சரியான ஸ்பீடுல ஓடாது. லேப்டாப், போன் சார்ஜர் மட்டும் பிரச்சனையில்ல, மேல 100-240னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. டல்லாஸ் சாமான அங்கயே தானம் பண்ணிட்டு டி.நகர்ல புதுசா வாங்கி பொட்டில போட்டோம், போய் சேந்த மறுநாளே தேங்கா சட்னி. ப்ளக்கு மட்டும் நம்ம மூணு பின்னு அங்க போகாது, எர்த் இருக்கற நல்ல அடாப்டரா வாங்குங்க, இல்லன்னா அங்க எலக்ட்ரிஷியன் கிட்ட ப்ளக்க மாத்திக்கோங்க. குக்கர் வாங்கும்போது இண்டக்ஷன் அடி இருக்கறதா வாங்குங்க, அலுமினியம் குக்கர் இண்டக்ஷன்ல ஒண்ணும் ஆகாது, சும்மா உக்காந்திருக்கும்.

மாவு புளிக்கலன்னு அக்கா அழாத கொறை. குளிர்காலத்துல ஓவன் உள்ள லைட்ட மட்டும் போட்டு மாவ உள்ள வச்சுட்டா காலைல பொங்கிடும், பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. தயிருக்கு அவங்க நாட்டூர்யோகர்ட்னு விக்கிறத உறை ஊத்துங்க, நல்லா தோயும். பால் வாங்கும்போது ஃப்ரிட்ஜுல இருக்கறத எடுங்க, வெளில அட்டை டப்பால அடுக்கி வச்சிருக்கறது மாசக்கணக்குல கெடாத பால், காபிக்கு அந்த ருசி வராது. இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் ஈழத்தமிழர் கடைகள்ல கெடைக்கும். எண்பதுகள்ல இருந்தே அங்க போய் வாழ்றவங்க, நமக்கு முன்னாடி பாதை போட்டவங்க அவங்க தான். ஹம்ன்ற ஊர்ல பெரிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு, வருஷா வருஷம் தேர் இழுப்பாங்க. ஸ்டுட்கார்ட்ல இருந்து தூரம் தான், ஆனா ஒரு தடவ போய்ட்டு வாங்க.

இப்ப குப்பை. மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டா பிரிக்கவே நம்ம தெருல சண்டை நடக்குது, அங்க குறைஞ்சது அஞ்சு. காய்கறி தோல் தனி, பேப்பர் அட்டை தனி, பிளாஸ்டிக் கவர் டின் எல்லாம் மஞ்சள் பை இல்லன்னா மஞ்சள் தொட்டி, மிச்சது தனி, கண்ணாடி பாட்டில் தெருமுனைல இருக்கற பெரிய பெட்டில வெள்ளை, பச்சை, பிரவுன்னு கலர் பிரிச்சு. அந்த மூணு வாரத்துல நான் பால்கனில அஞ்சு பழைய பக்கெட்ட வரிசையா வச்சு பசங்களுக்கு பரீட்சை வச்சேன், "பீட்சா டப்பா எதுலடா?"ன்னா பெரியவன் பேப்பர்ன்னான், எண்ணெய் ஊறி இருந்தா பேப்பர்ல போகாது, அது மிச்ச குப்பை. டீத்தூள் காய்கறியோட. எங்கம்மா அந்த பக்கெட்ட பாத்துட்டு "இந்த ஊர விட்டு போறதுக்கு இதுவா கத்துக்கணும்"னு தலைல அடிச்சுகிட்டாங்க. கண்ணாடி பாட்டில ஞாயித்துக்கிழமை கொண்டு போய் போடாதீங்க, உடையற சத்தம் கேக்குமாம்.

பாட்டில்ல இன்னொரு கதை. தண்ணி, ஜூஸ் பிளாஸ்டிக் பாட்டில், டின் எதுவா இருந்தாலும் பெரும்பாலும் 25 சென்ட் டெபாசிட் வாங்கிடுவாங்க, பீர் கண்ணாடி பாட்டிலுக்கு 8 சென்ட். பேரு ஃபான்ட். சூப்பர்மார்க்கெட் வாசல்ல ஒரு மெஷின் இருக்கும், ஒவ்வொண்ணா உள்ள தள்ளினா சீட்டு வரும், அத பில்லுல கழிச்சுக்கலாம். அக்கா டல்லாஸ் பழக்கத்துல எடம் அடைக்குதேன்னு எல்லா டின்னையும் கால்ல மிதிச்சு தட்டையாக்கி ரெண்டு பை நெறைய கொண்டு போயிருக்கு, மெஷினுக்கு பார்கோடு தெரியணும், நசுங்கினத எல்லாம் துப்பிடுச்சு. பின்னாடி வரிசைல ஆள் வேற. சின்னவ ஒவ்வொரு டின்னா உள்ள விரல விட்டு நிமித்தி நிமித்தி குடுத்து பதினோரு டின்ன தேத்தினாளாம். இப்ப அவ தான் அந்த வீட்டு ஃபான்ட் மந்திரி, சீட்டு காசு அவ உண்டியலுக்கு.

ஞாயித்துக்கிழமை கடை கெடையாது. சும்மா சொல்லல, சூப்பர்மார்க்கெட், துணிக்கடை, ஹார்டுவேர் எல்லாம் மூடி கெடக்கும். பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்கற கடை, பெட்ரோல் பங்க், காலைல கொஞ்ச நேரம் பேக்கரி, அவ்ளோ தான் ஓடும். ராத்திரி பதினொரு மணிக்கு வால்மார்ட் போன ஆளுங்களுக்கும் ஞாயிறு காலைல கறிக்கடை க்யூல நின்ன ஆளுங்களுக்கும் ஒரே அதிர்ச்சி. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்குற மாதிரி டிக்கெட் போடாதீங்க, போட்டா மறுநாள் சாப்பாட்டுக்கு ரெடி மிக்ஸ் உப்புமா கைல இருக்கட்டும். கடைக்கு போனா ட்ராலி எடுக்க ஒரு யூரோ காசு வேணும், பை நம்ம கொண்டு போகணும், பில் போடுற அம்மா எக்ஸ்பிரஸ் வேகத்துல தள்ளுவாங்க, அங்க நின்னு நிதானமா அடுக்கக்கூடாது, அப்படியே ட்ராலில வாரிப் போட்டுகிட்டு தள்ளி போய் அடுக்குங்க.

சத்தம். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி நேரம், ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் நாள் முழுக்க. சுவத்துல ட்ரில் போடுறது, புல்லு வெட்டுறது எதுவும் கூடாது. மிக்ஸிய ஞாயிறு மதியம் ரெண்டு நிமிஷம் ஓட்டினா யாரும் கேக்க மாட்டாங்க, கிரைண்டர்ர அரை மணி நேரம் ஓட்டாதீங்க, மத்த நாள்லயும் கீழ ஒரு பழைய டவல மடிச்சு போட்டு வைங்க, தரை வழியா கீழ் வீட்டுக்கு அதிரும். ஆனா பாருங்க, இவ்ளோ அமைதி பேசுற ஊரு டிசம்பர் 31 ராத்திரி மட்டும் நம்ம தீபாவளிய தூக்கி சாப்பிட்டுடும். பட்டாசு வருஷத்துல கடைசி மூணு நாள் தான் விப்பாங்க, அந்த பாக்கி எல்லாத்தையும் ஒரே ராத்திரில தீத்துடுவாங்க. பசங்களுக்கு கம்பி மத்தாப்பு அப்பவே வாங்கி வச்சுகிட்டா அடுத்த தீபாவளிக்கு ஆகும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் போறவங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ஒண்ணு, கேர்வோஹேன்னு பேரு. அதாவது மாடிப்படி பெருக்கி துடைக்கிறது ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீட்டு டர்ன். உங்க வாரம் வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு சின்ன பலகைய உங்க கதவு கைப்பிடில மாட்டிட்டு போவாங்க, முடிச்சுட்டு நீங்க அடுத்த வீட்டு கதவுல மாட்டணும். மாமா அத பாத்துட்டு ஹோட்டல்ல மாட்டுவாங்களே "டிஸ்டர்ப் பண்ணாதீங்க" பலகை, அந்த மாதிரி ஏதோ வரவேற்பு பரிசுன்னு நெனச்சு வீட்டுக்குள்ள ஷோகேஸ்ல வச்சுட்டாரு. பத்து நாளா மாடிப்படிய யாரும் தொடல. அப்புறம் எதிர் வீட்டு பாட்டி பெல் அடிச்சு, சத்தமே போடாம, படிய காட்டி, ஷோகேஸ காட்டி, துடைப்பத்த காட்டிட்டு போனாங்களாம். மறுநாள் அக்கா படி மொத்தமும் துடைச்சுட்டு பாட்டிக்கு கேசரி கொண்டு போய் குடுத்துச்சு. எங்கம்மாவுக்கு இத சொன்னப்ப அவங்களுக்கு ஒண்ணும் ஆச்சரியமில்ல, "அந்த காலத்து ஒண்டிக்குடித்தனத்துல முற்றம் கழுவ முறை வச்சிருந்தோமே, அது தானே"ன்னாங்க.

ஜன்னல். டல்லாஸ்ல பன்னெண்டு மாசமும் ஏசி, ஜன்னல தொறந்ததே இல்ல. ஜெர்மனில வீட்ல ஏசியும் கெடையாது சீலிங் ஃபேனும் கெடையாது, குளிர் காலத்துலயும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ எல்லா ஜன்னலையும் முழுசா தொறந்து அஞ்சு பத்து நிமிஷம் காத்து விடணும், அந்த நேரம் ஹீட்டர மூடிடணும். பைத்தியக்காரத்தனமா தெரியும், ஆனா வீடு காத்து போகாத மாதிரி இறுக்கமா கட்டி இருப்பாங்க, குளிச்ச ஈரம், சாம்பார் ஆவி, காயப்போட்ட துணி ஈரம் எல்லாம் சுவத்துல பூஞ்சையா பிடிச்சுடும், காலி பண்ணும்போது ஓனர் அத காட்டி அட்வான்ஸ்ல கை வைப்பாரு. நான் அத ஒரு வின்டர் சோம்பேறித்தனமா விட்டேன், பெட்ரூம் மூலைல கருப்பா ஒரு மேப்பே வரைஞ்சுடுச்சு.

ஸ்கூல பத்தி அக்கா தான் ரொம்ப பயந்துச்சு. மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, வீட்லயே வச்சு சொல்லி குடுக்குறேன்ற அமெரிக்கன் வழக்கம் அங்க செல்லாது, ஸ்கூலுக்கு அனுப்பியே ஆகணும். அரசாங்க ஸ்கூலுக்கு ஃபீஸ் இல்ல. ஜெர்மன் தெரியாத பசங்கள ஸ்டுட்கார்ட் இருக்கற மாநிலத்துல ப்ரிபரேஷன் க்ளாஸ்ல போட்டு மொதல்ல பாஷை சொல்லி தருவாங்க, பெரியவன் அதுல சேந்தான், எட்டு மாசத்துல அப்பாவ திருத்துற அளவுக்கு வந்துட்டான். நாலாவது முடிஞ்சதும் பசங்கள தனித்தனி வகை ஸ்கூலுக்கு பிரிச்சுடுவாங்க, பெர்லின்லயும் ப்ராண்டன்பர்க்லயும் மட்டும் ஆறாவது முடிஞ்சு. அதனால எட்டு ஒம்பது வயசு புள்ளையோட போறவங்க போன உடனே இத விசாரிங்க. மார்க்குல 1 தான் பெஸ்ட், 6 தான் ரொம்ப மோசம். கணக்குல 1னு போட்டு வந்த பேப்பர பாத்து அக்கா அவன திட்டிட்டு எனக்கு போன் பண்ணுச்சு, "ஃபர்ஸ்ட் ரேங்க்னு நெனச்சுக்கோக்கா"ன்னேன், அதுக்கப்புறம் அவனுக்கு பாயாசம்.

சின்னவ ஒண்ணாவது சேந்தப்ப வேற கூத்து. ஒண்ணாவது சேர்ற ஒவ்வொரு புள்ளைக்கும் அன்னிக்கு அது ஒசரத்துல பாதிக்கு ஒரு பெரிய அட்டை கூம்பு, உள்ள சாக்லேட், பென்சில், பொம்மை நெரப்பி கைல குடுக்கணும், ஷூல்டூட்டேன்னு பேரு. தாத்தா பாட்டி எல்லாம் ட்ரெஸ் பண்ணிட்டு வருவாங்க, நம்ம விஜயதசமிக்கு அரிசில எழுத வைக்கிற மாதிரி தான். யாரும் சொல்லலன்னா தெரியாது, வெறுங்கையோட போய்டாதீங்க, கடைல ரெடியா விக்கும். அப்புறம் கொஞ்ச நாள்லயே ஆறு வயசு புள்ளைங்க எல்லாம் தனியா நடந்து ஸ்கூல் போகும். டெக்சாஸ்ல அப்படி விட்டா அக்கம்பக்கத்துல போலீஸ கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க, அங்க கூட்டிட்டு போனா டீச்சர் ஒரு மாதிரி பாப்பாங்க. ரெண்டு வாரம் கூடவே நடந்து எந்த எடத்துல ரோட்ட க்ராஸ் பண்ணணும்னு பழக்கிட்டு அப்புறம் பின்னாடி ஒளிஞ்சு போய் பாருங்க, அக்கா அப்படித்தான் ஒரு மாசம் மரத்துக்கு மரம் ஒளிஞ்சுச்சு. சிவப்பு லைட்டுல வண்டியே வரலன்னாலும் க்ராஸ் பண்ணாதீங்க, பக்கத்துல புள்ளைங்க நின்னா யாராவது கண்டிப்பா திட்டுவாங்க. இன்னொண்ணு, பொங்கலுக்கு மெட்ராஸ் வரணும்னு ஸ்கூல் நடக்குற நேரத்துல புள்ளைய கூட்டிட்டு வர முடியாது, அபராதம் போடுவாங்க. அந்த மாநிலத்துல பெரிய லீவு ஜூலை கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும், ஊருக்கு வர்றதுன்னா அதுல தான்.

உடம்புக்கு: இன்ஷூரன்ஸ் கட்டாயம், வேலைல இருந்தா சம்பளத்துல புடிச்சு கம்பெனியும் பாதி போடும், அரசாங்க வகைல வேலைக்கு போகாத மனைவியும் பசங்களும் தனி காசு இல்லாம அதுலயே வந்துடுவாங்க. டல்லாஸ்ல டாக்டர் பில்ல பாத்து பாத்து பயந்த மாமாவுக்கு கார்ட காட்டிட்டு காசு குடுக்காம வெளில வர்றது இன்னும் நம்ப முடியல. ஆனா காய்ச்சல்னு போனா ஆன்டிபயாடிக் எதிர்பாக்காதீங்க, "டீ குடிங்க, ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்புவாங்க. பாராசிட்டமால் கூட சூப்பர்மார்க்கெட்ல கெடைக்காது, அபோதேக்கேன்ற மருந்து கடைக்கு தான் போகணும், ஞாயிறும் ராத்திரியும் டர்ன் போட்டு ஏதாவது ஒண்ணு தான் தொறந்திருக்கும். நம்ம தெருமுனை மெடிக்கல் அண்ணன்கிட்ட அறிகுறி சொல்லி மாத்திரை வாங்குற சுகம் ரெண்டு நாட்டுலயும் இல்ல. உயிர் போற அவசரம்னா 112, டாக்டர் க்ளினிக் மூடின நேரத்துல அவசரமில்லாத காய்ச்சல்னா 116117, ரெண்டையும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க.

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். புள்ளியும் கமாவும் தலைகீழ், 1.250,00னா ஆயிரத்து இருநூத்தம்பது. சின்ன கடைல கார்டு வாங்காம கேஷ் கேப்பாங்க. பசங்களுக்கு மாசம் ஒரு தொகை அரசாங்கமே தரும், 2025ல ஒரு குழந்தைக்கு 255 யூரோ, நீங்களா அப்ளை பண்ணினா தான் வரும். அடுத்தவங்க பொருளுக்கு நம்மால சேதம் ஆனா கட்டுற இன்ஷூரன்ஸ் ஒண்ணு உண்டு, வருஷத்துக்கு ரொம்ப கம்மி தான், வீட்ல பந்து வெளையாடுற பையன் இருந்தா மொதல் வாரமே போடுங்க. லோக்கல் ட்ரெயின், பஸ்சுக்கு நாடு முழுக்க ஒரே மாச பாஸ், 2023ல 49 யூரோன்னு ஆரம்பிச்சு 2025ல 58 ஆகி 2026ல 63 ஆயிடுச்சு, ஃபாஸ்ட் ட்ரெயின்ல செல்லாது. அமெரிக்கன் லைசென்ஸ் ஆறு மாசம் தான் ஓடும், அப்புறம் எந்த மாநில லைசென்ஸ்ன்றத பொறுத்து சிலருக்கு நேரா மாத்தி தருவாங்க, சிலருக்கு பரீட்சை. இந்தியன் லைசென்ஸுக்கு எழுத்து பரீட்சையும் வண்டி ஓட்டுற பரீட்சையும் ரெண்டுமே உண்டு. அமெரிக்கன் சிட்டிசன் உலகத்துல எங்க இருந்தாலும் அமெரிக்காவுக்கு டாக்ஸ் ரிட்டர்ன் போடணும், வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஜூன் 15 வரைக்கும் டைம், வெளில இருக்கற எல்லா அக்கவுண்ட்டும் சேத்து வருஷத்துல ஒரு நாள் 10,000 டாலர தாண்டினாலும் தனியா இன்னொரு ஃபார்ம். நம்ம ஊர்ல அக்கா பேர்ல இருக்கற ஃபிக்ஸட் டெபாசிட்டும் அதுல சேத்தி, அத மறந்துடாதீங்க.

பாஷை தான் எல்லாத்துக்கும் மேல. நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்ல ஜெர்மன் சொல்லி தர்ற மேக்ஸ் முல்லர் பவன் இருக்கு, நான் அங்க தான் படிச்சேன், மெட்ராஸ்ல கொஞ்ச மாசம் டைம் இருந்தா சேந்துடுங்க. நமக்கு ஒரு அட்வான்டேஜ், அவங்க பாஷைல நீ, நீங்க ரெண்டும் தனித்தனி. டூன்னா நீ, ஸீன்னா நீங்க. இங்கிலீஷ்ல வளந்த பசங்க எதிர் வீட்டு பாட்டிய நீன்னு கூப்பிட்டு முழிச்சதுங்க, "தாத்தாவ நீ வா போன்னா அம்மா அடிப்பாங்கல்ல, அது தான்"னு நான் சொன்னதும் புரிஞ்சுடுச்சு. மணி சொல்றதுல மட்டும் கவனம், "ஹால்ப் த்ரை"ன்னா அரை மூணுன்னு அர்த்தம் வரும், ஆனா அது மூணரை இல்ல, ரெண்டரை. மாமா இதுல ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு மணி நேரம் லேட்டா போய், மறுபடி ஆறு வாரம் கழிச்சு தான் தேதி குடுத்தாங்க.

கடைசியா பொட்டி. அம்மா அடுத்த மாசம் அக்காவ பாக்க போறாங்க, ஷெங்கன் விசா வந்துடுச்சு, நேத்து ராத்திரி முழுக்க பேக்கிங் தான். ஐரோப்பாவுக்கு வெளில இருந்து பாலு, கறி சம்பந்தப்பட்ட எதையும் பொட்டில கொண்டு போகக்கூடாது, அதுல நெய்யும் பால்கோவாவும் அடக்கம். செடி, பழம், காய், இலை எதுக்கும் சர்டிபிகேட் வேணும், தேங்கா, வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை மாதிரி ஒரு சிலதுக்கு மட்டும் வேணாம். கறிவேப்பிலை போகாது, தேங்கா போகும். சாம்பார் பொடி, வடாம், புளி, பெருங்காயம் போகும், வீட்ல அரைச்ச பொடிய நல்லா ரெண்டு கவர் போட்டு மேல பேர் எழுதி வச்சா செக்கிங்ல கேட்டா சொல்ல வசதி. இத்தனையும் சொல்லிட்டு பொட்டிய மூடி தராசுல வச்சா ஒண்ணே கால் கிலோ அதிகம், தொறந்து பாத்தா புடவைக்கு நடுவுல ஒரு எவர்சில்வர் தூக்கு. "அது நெய் இல்லடா, நெய்ல செஞ்சது"ன்றாங்க. வெளில எடுத்து வச்சிருக்கேன், காலைல பாக்கணும் எங்க இருக்குன்னு.